ஆங்கில ஒலிம்பியாடுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய எது நல்ல வழி: ஒர்க்புக்கா, கிராமர் புத்தகமா, கோச்சிங்கா, வாசிப்பா?

பள்ளியில் ஒலிம்பியாட் சுற்றறிக்கை போனதும் பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "எந்த புக் வாங்கணும் மிஸ்?" அடுத்தது, "தனியா கோச்சிங் போடணுமா?" இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் தேர்வுக்கு எத்தனை மாதம் இருக்கிறது, பிள்ளை எந்த மாதிரிக் கேள்வியில் மார்க்கை விடுகிறது என்று தெரியாமல் சொல்லும் பதில் எதுவும் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

நான் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். இங்கே மனதில் வைத்திருப்பது சயின்ஸ் ஒலிம்பியாட் ஃபவுண்டேஷன் நடத்தும் ஆங்கில ஒலிம்பியாடை. பள்ளிகளில் ஐஇஓ என்றுதான் சொல்வோம். கிராமரும் காம்ப்ரிஹென்ஷனும் கேட்கிற வேறு போட்டிகளுக்கும் இதில் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் வினாத்தாளைப் பார்த்துவிடுவோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே 50 கேள்வி, 60 மார்க், 60 நிமிடம். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை 35 கேள்வி, 40 மார்க், நேரம் அதேதான். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும். தப்பான விடைக்கு மார்க் பிடிப்பதில்லை. சொல்லும் வாக்கிய அமைப்பும் ஒரு பகுதி, வாசிப்பு ஒரு பகுதி, பேச்சு மற்றும் எழுத்து வெளிப்பாடு இன்னொன்று. பெயரில் 'ஸ்போக்கன்' இருக்கிறதே என்று யாரும் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்ய வேண்டாம், அதுவும் வட்டம் நிரப்புவதுதான். கடைசியாக 'அச்சீவர்ஸ் செக்ஷன்'. அதில் ஐந்தே கேள்விகள், மேல் வகுப்புகளுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று மார்க். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்தில் ஒரு பங்கு கேள்விக்கு நாலில் ஒரு பங்கு மார்க் வைத்திருக்கிறார்கள். மொத்த நேரத்தைப் பங்கு போட்டால் ஒரு கேள்விக்கு 72 வினாடி வருகிறது. இந்த இரண்டு எண்களையும் பின்னால் திரும்பத் தொட வேண்டியிருக்கும்.

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்தாக வேண்டும். பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, கடிகாரம் பார்க்காமல், பிள்ளையை முழுசாக எழுத விடுங்கள். திருத்திவிட்டு மொத்த மார்க்கைப் பற்றிக் கவலைப்படாமல், தப்பான கேள்விகளை மட்டும் எடுத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், விதி தெரியாமல் வந்த தப்பு. 'ஹவர்' என்ற சொல்லுக்கு முன்னால் 'அன்' வரும், 'யுனிவர்சிட்டி'க்கு முன்னால் 'எ' வரும், எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு விதி. சொல்லிக் கொடுத்தால் ஒரே பீரியடில் பிடித்துக்கொள்வார்கள். 'சின்ஸ்', 'ஃபார்' வித்தியாசமும் அப்படித்தான். 'எ பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்று வந்தால் வினைச்சொல் பெட்டியைப் பார்க்குமா மாம்பழத்தைப் பார்க்குமா என்பதும் அப்படித்தான். டேக் கொஸ்டின், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எல்லாம் இந்தக் குவியலில் விழும்.

இரண்டாவது குவியல், காது பழகாததால் வந்த தப்பு. 'குட்' என்றால் 'அட்', 'இன்ட்ரஸ்டட்' என்றால் 'இன்', 'அஃப்ரெய்ட்' என்றால் 'ஆஃப்'. ஏன் அப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, யாரிடமும் உருப்படியான பதில் கிடையாது. 'மிஸ்டேக்'குக்கு 'மேக்', 'ஹோம்வொர்க்'குக்கு 'டூ'. 'புட் ஆஃப்', 'புட் அப் வித்' போன்ற ஃப்ரேசல் வெர்ப்கள். 'த' எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு விதிகள் இருந்தாலும், அத்தனை விதிகளையும் விதிவிலக்குகளையும் மனப்பாடம் செய்த பிள்ளையைவிட நிறையப் படித்த பிள்ளைதான் சரியாகப் போடுகிறது.

மூன்றாவது குவியல், பேசேஜைப் படித்தும் பிடிபடாமல் போனது. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பேசேஜ் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மழை கொட்டுகிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கடைக்காரர் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கிறார். அப்புறம் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். கேள்வி, கடையை ஏன் மூடினார்? விடைகள்: மழை பலமாகப் பெய்ததால், வியாபாரம் நடக்காது என்று தோன்றியதால், நின்று நின்று கால் வலித்ததால், கடைக்குள் தண்ணீர் புகுந்ததால். வகுப்பில் பெரும்பாலானவர்கள் முதல் விடையைப் போடுவார்கள். "மழைன்னு போட்டிருக்கே மிஸ்" என்பார்கள். மழை பெய்ய ஆரம்பித்த பிறகும் அவர் ஒரு மணி நேரம் கடையைத் திறந்துதானே வைத்திருந்தார் என்று திருப்பிக் கேட்டால் முகம் மாறும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பேசேஜில் இருக்கிற சொல்லையே அப்படியே எடுத்துத் தப்பான விடையில் வைப்பார்கள், சரியான விடையை வேறு சொற்களில் எழுதுவார்கள். சொல்லைத் தேடிப் போகிற பிள்ளை அங்கே விழும்.

பேச்சு வெளிப்பாட்டுப் பகுதியில் வரும் தப்புகள் பெரும்பாலும் இரண்டாவது குவியலின் சொந்தக்காரர்கள். 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் த விண்டோ?' என்று ஒருவர் கேட்கிறார். அனுமதி கொடுக்க விரும்புபவர் என்ன சொல்வார்? நம் பிள்ளைகள் 'யெஸ், ஆஃப் கோர்ஸ்' என்று போடுகிறார்கள், ஏனென்றால் மனசுக்குள் 'சரி, திறந்துக்கோங்க' என்று ஓடுகிறது. விடை 'நாட் அட் ஆல்'. ஆட்சேபம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று பதில். இதை விதியாகச் சொல்லிக் கொடுக்கலாம்தான். ஆனால் இந்த மாதிரி எத்தனை வரும்? உரையாடல்கள் உள்ள கதைகளை நிறையப் படித்திருந்தால் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

எந்தக் குவியல் பெரிசாக இருக்கிறதோ அதற்கேற்ற வழியைத்தான் எடுக்க வேண்டும். நான் பார்த்தவரை, நம் ஊர்ப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் குவியல் சின்னதாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்புக்குள் டென்ஸ், வாய்ஸ் எல்லாம் பலமுறை நடத்தியாகிவிட்டது. அவர்கள் மார்க்கை விடுவது மற்ற இரண்டில். ஆனால் பெற்றோரும் பள்ளியும் பணத்தையும் நேரத்தையும் கொட்டுவது முதல் குவியலுக்கு.

ஒர்க்புக்

இந்தத் தேர்வுக்கென்றே வகுப்புவாரியாக ஒர்க்புக்குகளும் முந்தைய ஆண்டு வினாத்தாள் தொகுப்புகளும் கிடைக்கின்றன. விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும், பிள்ளை தானாகவே உட்கார்ந்து போடலாம், பெற்றோருக்கும் கண்முன்னால் பக்கம் நகர்வது தெரியும். தேர்வின் தோற்றம் பழக்கமாகிவிடும். எந்த மாதிரி கேள்வி வரும் என்ற பயம் போய்விடும். இதெல்லாம் உண்மையான பலன்கள்தான்.

பிரச்சினை எப்போது என்றால், ஜூன் மாதம் வாங்கி முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போட ஆரம்பிக்கும்போது. ஒர்க்புக் பிள்ளையைச் சோதிக்கும், சொல்லிக் கொடுக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் அரைப் பக்கம் விளக்கம் போட்டிருப்பார்கள், அதை யாரும் படிப்பதில்லை. விடை 'சி' என்று பின்னால் பார்த்துத் திருத்திக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஏன் 'பி' இல்லை என்று கேட்டால் தெரியாது. அதைவிட மோசம், கையில் இருக்கிற அசல் வினாத்தாள்களையெல்லாம் ஆரம்பத்திலேயே போட்டுத் தீர்த்துவிடுவது. கடைசி மூன்று வாரத்தில் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கப் புதுத் தாளே மிஞ்சாது.

ஆகவே ஒர்க்புக் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலுள்ள மாதிரி வினாத்தாள்களை ஸ்டேப்ளர் போட்டு மூடி வைத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். (ஒரு அம்மா அந்தப் பக்கங்களைக் கிழித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதுவும் சரிதான்.) கூடவே ஒரு தப்பு நோட்டு. தப்பாகப் போட்ட கேள்வி, சரியான விடை, அது ஏன் சரி என்று தமிழிலோ இங்கிலீஷிலோ பிள்ளையின் சொந்த வார்த்தையில் ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். இந்த நோட்டு இல்லாத ஒர்க்புக்குக்குப் பாதிப் பலன்தான்.

கிராமர் புத்தகம்: ரென் அண்ட் மார்ட்டினா, மர்ஃபியா?

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ படித்த ரென் அண்ட் மார்ட்டின் ஒன்று பரணில் இருக்கும். 1930களில் வந்த புத்தகம், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. பிறகு பிரசாத ராவ் திருத்தி வெளியிட்ட பதிப்புதான் இன்றும் எஸ். சந்த் வெளியீடாக விற்கிறது. அதன் மேல் நம் ஊரில் ஒரு பக்தியே உண்டு. அந்த பக்தி முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கிளாஸ் (clause), ஃப்ரேஸ், வாக்கியத்தைப் பிரித்துக் கூறு போடுவது, சிம்பிளைக் காம்ப்ளெக்ஸாக மாற்றுவது, இதையெல்லாம் அவ்வளவு ஒழுங்காக வரிசைப்படுத்திய புத்தகம் வேறு சுலபத்தில் கிடைக்காது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளை, கிராமர் மேல் ஆசையுள்ளது என்றால் கொடுங்கள், நன்றாகவே வரும்.

ஆனால் இந்தப் போட்டிக்கு? ஒலிம்பியாடில் 'இந்த வாக்கியத்தை பார்ஸ் செய்' என்று கேட்பதில்லை. காலி இடத்தில் எது பொருந்தும், எந்த வாக்கியத்தில் தப்பு இருக்கிறது என்று கேட்கிறார்கள். ரென் அண்ட் மார்ட்டினில் ஒரு இயலைப் படித்துவிட்டு இப்படிப்பட்ட கேள்விக்கு வருவதற்குள் நடுவே ஒரு பெரிய தாண்டல் இருக்கிறது. அதன் உதாரண வாக்கியங்களின் நடையும் இன்றைய பிள்ளைக்கு அந்நியம்.

ரேமண்ட் மர்ஃபியின் கேம்பிரிட்ஜ் புத்தகங்கள் இதற்கு நேர்மாறான முறையில் அமைந்தவை. இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் அதற்கான பயிற்சி, விடைகள் கடைசியில். ஒரு யூனிட் என்றால் இரண்டு பக்கம், அவ்வளவுதான். ஆரம்ப நிலைக்குச் சிவப்பு அட்டை, அடுத்த நிலைக்கு நீல அட்டை. ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குச் சிவப்பு போதும், எட்டுக்கு மேல் நீலம். நீல அட்டைப் புத்தகத்தின் பின்பக்கம் எந்த யூனிட் உங்களுக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனைப் பகுதியும் உண்டு. முழுப் புத்தகத்தையும் வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, குவியலில் விழுந்த தலைப்புகளை மட்டும் எடுத்தால் போதும்.

என் தேர்வு மர்ஃபிதான், தயக்கமே இல்லை. ஒரு குறை, விலை. சாதாரண ஒர்க்புக்கோடு ஒப்பிட்டால் அதிகம். வகுப்புக்கு இரண்டு பிரதி பள்ளி நூலகத்தில் வாங்கி வைத்து, வாரம் ஒரு யூனிட்டைப் போர்டில் எழுதிப் போட்டு நடத்தினால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. இன்னொரு குறை, அது எல்லா நாட்டு மாணவர்களுக்கும் பொதுவாக எழுதியது. தமிழ் பேசும் பிள்ளை எங்கே சறுக்கும் என்று அதற்குத் தெரியாது. 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு 'இஸின்ட் இட்', 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்று நம் வாயில் ஊறிப்போனவை ஒரு இருபது முப்பது இருக்கும். அந்தப் பட்டியலை ஆசிரியர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். தப்பைக் கண்டுபிடி என்ற கேள்விகளில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இவற்றில்தான், ஏனென்றால் தப்பான வாக்கியம் அவர்கள் காதுக்குச் சரியாகவே கேட்கிறது. வகுப்பில் நாமே அப்படிப் பேசுகிறோம், வேறென்ன.

கோச்சிங்

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. நேரில் நடக்கும் வகுப்பானாலும் ஆன்லைன் ஆனாலும், கட்டணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பிள்ளையின் நிலையைச் சோதித்துப் பார்த்துச் சேர்க்கிறார்களா, எல்லாரையும் ஒரே பேட்சில் போடுகிறார்களா? தப்பான விடை ஏன் தப்பு என்று விளக்க வகுப்பில் நேரம் ஒதுக்குகிறார்களா, வெறும் டெஸ்ட் மேல் டெஸ்ட் வைத்து ரேங்க் போடுகிறார்களா? இரண்டாவது ரகம் என்றால் அது மூன்று மடங்கு விலைக்கு விற்கிற ஒர்க்புக்.

கோச்சிங்கால் உண்மையில் லாபம் அடைவது ஒரு வகைப் பிள்ளை மட்டும்தான்: வீட்டில் உட்காரவே உட்காராத, யாராவது நேரம் குறித்துக் கூப்பிட்டால்தான் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளை. அதற்கு அந்தக் கால அட்டவணைக்காகவே பணம் கொடுக்கலாம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. மற்றபடி கணக்கு, அறிவியல் ஒலிம்பியாடுக்குக் கோச்சிங் பலன் தருகிற அளவுக்கு இங்கிலீஷில் தராது. அங்கே ஒரு ஃபார்முலா தெரிந்தால் ஒரு கேள்விக் குடும்பமே திறந்துவிடும். 'இன்ட்ரஸ்டட்'டுக்குப் பக்கத்தில் 'இன்' வரும் என்பதற்கு எந்த ஃபார்முலா?

வாசிப்பு

இரண்டாவது, மூன்றாவது குவியல்களுக்கு மருந்து இதுதான். எல்லாரும் சொல்வது, எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் 'நிறையப் படிக்கச் சொல்லுங்க' என்று பெற்றோரிடம் சொல்வதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. எவ்வளவு காலம் படித்தால் எவ்வளவு வரும் என்று நாம் சொல்வதில்லை.

இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. ஃபிஜி தீவுகளில் கிராமத்துப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் இருவரும் நடத்திய ஆய்வு. 1983-இல் வெளியானது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இரண்டாம் மொழி, பள்ளியில் புத்தகமே அதிகம் கிடையாது. நம் கிராமப் பள்ளிகளின் நிலைமைதான். வகுப்புகளுக்குப் படக்கதைப் புத்தகங்களாக 250 கொடுத்துத் தினமும் படிக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில், வழக்கமான பாடமுறையில் படித்த பிள்ளைகளைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் இவர்களின் வாசிப்புத் திறன் வளர்ந்திருந்தது. இருபது மாதம் கழித்துப் பார்த்தபோது, தனியாகச் சொல்லித் தராத மற்ற மொழித் திறன்களிலும் இவர்கள் முன்னால் போயிருந்தார்கள்.

இந்த ஆய்வை வாசிப்புக்கு ஆதரவாக எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். நான் இன்னொரு எண்ணையும் பார்க்கச் சொல்கிறேன். எட்டு மாதம். தேர்வு அக்டோபரில் என்றால் ஜூலையில் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு ப்ரெப்போசிஷன் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க முடியாது. பத்து வாரத்தில் வாசிப்பு தருவது கிராமரை இல்லை. பேசேஜைக் கண்டு மிரளாமல் இருக்கிற தெம்பையும், கொஞ்சம் வேகத்தையும்தான் தரும். 72 வினாடிக் கணக்கில் அந்த வேகமே பல மார்க் பெறும், அதனால் அதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கிராமர் பலன் வேண்டுமென்றால் முந்தைய ஆண்டே ஆரம்பித்திருக்க வேண்டும்.

எதைப் படிக்கக் கொடுப்பது என்பதில் பெரும்பாலும் நாம் தப்புப் பண்ணுகிறோம். பேப்பர் போடு, தலையங்கம் படி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் அது இரண்டு நாளில் ஓடிவிடும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க அதில் 98 சதவீதச் சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். ஐந்தாறு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடத்தில் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், ஒரு படி இறங்குங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கதைப் புத்தகமா என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

புத்தகத்துக்குச் செலவே செய்யாமல் இதைச் செய்யலாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு வாசிப்பு நிலைகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் உண்டு, பள்ளியில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளவும் தடை இல்லை. என்சிஇஆர்டியின் இங்கிலீஷ் புத்தகங்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஸ்டேட் போர்டில் படிக்கிற பிள்ளைக்கு அவை அத்தனையும் புதுப் பேசேஜ்கள், பயிற்சிக் கேள்விகளோடு. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேலே என்றால் பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நல்லது. ஆறு நிமிடம் கேட்கலாம், முழு எழுத்து வடிவமும் தளத்தில் இருக்கும். உரையாடல் பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியாது.

வாசிப்போடு ஒரு சின்ன வேலை சேர்த்தால் மூன்றாவது குவியல் வேகமாகக் கரையும். படித்த ஒரு பத்தியிலிருந்து பிள்ளையையே கேள்வி தயாரிக்கச் சொல்லுங்கள். ஒரு சரியான விடை, மூன்று தப்பான விடை. நிபந்தனை: சரியான விடையில் பத்தியிலுள்ள முக்கியச் சொல் எதுவும் வரக்கூடாது, தப்பான விடை ஒன்றிலாவது வந்தே ஆக வேண்டும். பக்கத்தில் இருப்பவனை ஏமாற்ற வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு வருகிற உற்சாகமே தனி. நான்கு நாள் இப்படிப் பொறி வைத்துப் பழகியவர்களுக்கு, கடைக்காரர் மழையால்தான் கடையை மூடினார் என்று போடக் கை வராது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பத்து வாரம்தான் இருக்கிறது, பள்ளியில் ஒரு ஆசிரியர் வாரத்துக்கு மூன்று பீரியட் ஒதுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நான் செய்வது இது. முதல் வாரம் குவியல் பிரிப்பு. அடுத்த ஆறு வாரத்துக்கு ஒரு பீரியடில் மர்ஃபி யூனிட்டும் நம் ஊர்த் தப்புப் பட்டியலும், இன்னொன்றில் பேசேஜும் பொறி வைக்கிற விளையாட்டும், மூன்றாவதில் ஒர்க்புக்கும் தப்பு நோட்டும். வீட்டில் தினமும் இருபது நிமிடம் கதை, கேள்வி பதில் எதுவும் வேண்டாம், சும்மா படித்தால் போதும். கடைசி மூன்று வாரம் பீரோவில் பூட்டிய வினாத்தாள்கள் வெளியே வரும், அறுபது நிமிடம் கடிகாரம் வைத்து, ஓஎம்ஆர் தாளோடு. வட்டத்தை முழுசாக நிரப்பத் தெரியாமலும், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு அடுத்த வட்டத்தை மாற்றி நிரப்பியும் மார்க்கை விடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

அச்சீவர்ஸ் பகுதியைக் கடைசியில் எழுதாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வினாத்தாளில் கடைசியில் இருப்பதால் எல்லாரும் கடைசியில்தான் வருகிறார்கள், அப்போது ஐந்து நிமிடம்கூட இருக்காது. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் அதை விட்டுவிட்டு அந்த ஐந்து கேள்விக்குப் போக வேண்டும். விட்டுப்போன ஒரு மார்க் கேள்விகளுக்குப் பிறகு திரும்பலாம், நேரம் இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் ஏதோ ஒரு வட்டத்தை நிரப்பிவிடலாம். தப்புக்கு மார்க் பிடிப்பதில்லையே, ஒரு வட்டத்தையும் காலியாக விடக்கூடாது.

முழு ஆண்டு கையில் இருக்கிறதென்றால், உதாரணமாக இந்த வருஷம் எழுதி மார்க் குறைந்து அடுத்த வருஷத்துக்கு யோசிக்கிறீர்கள் என்றால், இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிவிடுவேன். ஜனவரியிலிருந்து ஜூன் வரை வாசிப்பு மட்டும். கிராமர் புத்தகம் ஜூலையில், ஒர்க்புக் செப்டம்பரில். கோச்சிங்குக்குப் போட நினைத்த பணத்தில் கதைப் புத்தகம் வாங்குங்கள், இல்லாவிட்டால் அதை அப்படியே மிச்சம் பிடியுங்கள்.

ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளுக்கு இந்த நாலு வழி ஒப்பீடே தேவையில்லை. அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், படிக்க வையுங்கள், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரே ஒரு மாதிரித் தாள் போட்டு வட்டம் நிரப்பப் பழக்குங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை டேக் கொஸ்டின் விதிகளோடு சனிக்கிழமை காலை உட்கார வைத்து நாம் சம்பாதிப்பது இங்கிலீஷ் மேல் ஒரு வெறுப்பைத்தான்.

பள்ளி நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு இன்னொன்று இருக்கிறது. எல்லாரையும் எழுத வைப்பதா, பொறுக்கி எடுத்த பத்துப் பேரையா? பத்துப் பேரென்றால் மேலே சொன்ன குவியல் பிரிப்பை ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்ய முடியும், ரேங்க் வாய்ப்பும் அதிகம். எல்லாரும் என்றால் கட்டணம் கட்ட முடியாத பெற்றோருக்குப் பள்ளி என்ன செய்யும் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும், மூன்று பீரியடும் வழக்கமான இங்கிலீஷ் பீரியடுக்குள்ளேயே வர வேண்டும். நான் எல்லாரையும் சேர்க்கிற பக்கம். வாசிப்பும் பொறி வைக்கிற விளையாட்டும் வகுப்பு முழுக்க நடக்கட்டும், பேர் கொடுப்பது அவரவர் விருப்பமாக இருக்கட்டும். போட்டிக்குப் பேர் கொடுக்காத பிள்ளைக்கும் அரையாண்டுப் பரீட்சையில் பேசேஜ் வரத்தானே போகிறது.

முதல் சுற்றில் மேலே வந்து இரண்டாம் சுற்றுக்குத் தேர்வானவர்கள் இருந்தால், இடையில் கிடைக்கும் நேரத்தில் அவர்களுக்குப் புதிதாக ஒர்க்புக் வாங்க வேண்டாம். விதிக் குவியலை அவர்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டார்கள், முதல் சுற்றில் விட்ட மார்க் வேறு இடத்தில்தான் போயிருக்கும். ஒரு படி கடினமான கதைகளும், தப்பு நோட்டைத் திரும்ப ஒருமுறை முதல் பக்கத்திலிருந்து பார்ப்பதும், வாரம் ஒரு கடிகாரத் தாளும் போதும்.